ஆபத்துக்கு எத்தனை பாயின்ட்?

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த சீனியர் அண்ணன், "ஏதாவது டெக்னிக்கலா எழுதுப்பா. ஆனா குடும்பத்தோட வர்றவங்களுக்கும் புரியணும். கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்திருக்கு" என்றார். ஆண்டெனாவைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். நான் ஈ.சி.ஈ. படித்தவன், அதை வைத்துத்தான் இன்றுவரை சோறு. இரண்டு பத்தி எழுதியதும் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அதனால் பன்னிரண்டு வயதிலிருந்து மனசில் கிடக்கிற ஒன்றை எழுதுகிறேன். விமானத்தால் எதிரியைச் சுடும் வீடியோ கேம்களில் ஸ்கோர் என்பது எப்படி வளர்ந்தது என்ற சரித்திரம். சிரிக்க வேண்டாம். இதில் ஜப்பான் வருகிறது, அமெரிக்கா வருகிறது, கள்ளக்குறிச்சியும் வருகிறது. நம் கல்லூரியின் 2005-2009 செட் ஆள் ஒருவனும் வருகிறான்.

2000-ஆம் வருஷம். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது (தனி மாவட்டம் ஆனது 2019-இல்தான்). எங்கள் தெரு முனையில் ஒரு அண்ணன் தன் வீட்டுத் திண்ணை அறையில் இரண்டு போர்ட்டபிள் டிவி வைத்து வீடியோ கேம் கடை நடத்தினார். மீடியா கம்பெனி பெட்டி, மஞ்சள் கேசட். கேசட் மேல் லட்சக்கணக்கில் கேம் இருப்பதாகப் போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் முப்பதைத் தாண்டாது. மற்றதெல்லாம் அதே கேமின் வேறு பெயர்கள். பசங்களில் பாதிப் பேர் மரியோ, கான்ட்ரா. எங்கள் கோஷ்டிக்கு மட்டும் கேலக்சியன், கேலகா, ஸ்டார் ஃபோர்ஸ், 1942 என்று சுடுகிற கேம்கள்தான். அரை மணிக்கு ஐந்து ரூபாய்.

கதவின் பின்பக்கம் கரும்பலகை பெயின்ட் அடித்து, அதில் சாக்பீஸால் கேலகாவின் அதிகபட்ச ஸ்கோர்களை அண்ணன் எழுதி வைப்பார். மாசக் கடைசியில் யார் முதலிடமோ அவனுக்கு அரை மணி நேரம் இலவசம். இந்தப் பலகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை திரும்ப இங்கேதான் வந்து நிற்கும்.

சரித்திரத்துக்குப் போவோம். 1978-இல் டைட்டோ என்ற ஜப்பானியக் கம்பெனி ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமை வெளியிட்டது. செய்தவர் தோமோஹிரோ நிஷிகாடோ. ஐந்து வரிசையில் 55 வேற்றுக்கிரக ஜந்துக்கள் இடமும் வலமும் நகர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். நாம் அடியில் ஒரு பீரங்கியை நகர்த்திச் சுட வேண்டும். கீழ் இரண்டு வரிசைக்குத் தலா 10 பாயின்ட், நடு இரண்டு வரிசைக்கு 20, மேல் வரிசைக்கு 30. கூட்டிப் பாருங்கள், முழுப் படையையும் ஒழித்தால் 990. அவ்வப்போது உச்சியில் ஒரு பறக்கும் தட்டு குறுக்கே ஓடும். அதை அடித்தால் 50, 100, 150 அல்லது 300.

எல்லோரும் அந்தத் தட்டின் மதிப்பை லாட்டரி என்றே நினைத்தார்கள். ஆனால் அது லாட்டரி இல்லை. நீங்கள் சுட்ட குண்டுகளை உள்ளே ஒரு கணக்கு எண்ணிக்கொண்டே இருக்கிறது. 23-ஆவது குண்டில் தட்டு விழுந்தால் 300. அதற்குப் பிறகு ஒவ்வொரு 15-ஆவது குண்டுக்கும் 300. இதைக் கண்டுபிடித்தவர்கள் வாயால் எண்ணிக்கொண்டே விளையாடினார்கள். ஒரு தட்டு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு படைக்குச் சமம் ஆயிற்றே! இன்னொரு சங்கதி, எட்டுக்குக் குறைவாக ஜந்துக்கள் மிஞ்சினால் தட்டு வருவதே நின்றுவிடும். ஆக, வேகமாக எல்லாரையும் சுட்டுத் தள்ளுகிறவன் நஷ்டப்படுகிறான். எதிரியைக் கொஞ்சம் உயிரோடு விட்டு வைத்து, அவன் கீழே இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவனுக்கு லாபம்.

இதிலும் கெட்டிக்காரர்கள் ஜப்பானில் இருந்தார்கள். ஜந்துக்களைக் கடைசி வரிசை வரை, அதாவது பீரங்கியின் தலைக்கு நேர் மேலே வரும்வரை விட்டுவிடுவார்கள். இன்னும் ஒரு படி இறங்கினால் ஆட்டம் குளோஸ். ஆனால் அந்த ஒரு வரிசையில் மட்டும் ஜந்துவின் குண்டு நம்மைத் தொடாது, ஏனென்றால் குண்டு புறப்படும் இடமே நம்மைத் தாண்டிப் போயிருக்கும். வாசற்படி வரை வந்த திருடன் கையில் இருக்கிற கத்தி நமக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. நிதானமாக வரிசையாகத் தட்டிவிடலாம். ஜப்பானில் இந்த வித்தைக்கு நகோயா என்ற ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். நிஷிகாடோ திட்டமிட்டு வைத்ததில்லை இது. ஆனால் பின்னால் வந்த கேம் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்துபோயிற்று. ஆடுகிறவன் பத்திரத்தை மட்டும் தேடுவதில்லை, சரியான விலை கொடுத்தால் ஆபத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பான்.

இது ஒன்றும் ஜப்பான்காரன் கண்டுபிடிப்பு இல்லை என்று நம்மவர்கள் சொல்லலாம், சரிதான். எங்கள் தெருவில் கில்லி ஆடும்போது, கில்லியை எழுப்பி நேராக அடித்தால் தூரத்தை தாண்டால் ஒரு மடங்காக அளப்போம். காற்றிலேயே ஒரு முறை தட்டிவிட்டுப் பிறகு அடித்தால் இரண்டு மடங்கு. தட்டும்போது தவறினால் அவுட். கபடியில் போனஸ் கோடு இருக்கிறது. எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போது, ஒரு காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து மற்றக் காலைத் தூக்கினால்தான் அந்த ஒரு பாயின்ட். ஆள் குறைந்து ஆபத்து குறைந்துவிட்டால் போனஸும் கிடையாது. எவ்வளவு நியாயமான விதி பாருங்கள்!

நிற்க. 1979-இல் நாம்கோ கம்பெனியின் கேலக்சியன் வந்தது. இங்கே எதிரிகள் வரிசையில் நிற்பதோடு சரி என்று இல்லாமல், பிரிந்து நம்மேல் பாய்ந்து வருவார்கள். வரிசையில் நிற்கும்போது சுட்டால் ஒரு விலை, பாய்ந்து வரும்போது சுட்டால் இரட்டிப்பு. படைத்தலைவன் வரிசையில் இருந்தால் 60. தனியாகப் பாய்ந்து வந்தால் 150. ஒரு காவலாளியோடு வந்தால் 200, இரண்டு காவலாளியோடு வந்தால் 300. அந்த இரண்டு காவலாளிகளையும் முதலில் சுட்டுவிட்டுத் தலைவனைச் சுட்டால் 800. அதே தலைவன்தான், அதே குண்டுதான். எந்த நேரத்தில், எந்த வரிசையில் என்பதற்குத்தான் விலை.

அதே வருஷம் அமெரிக்காவில் அடாரி கம்பெனி ஆஸ்டராய்ட்ஸ் வெளியிட்டது. விண்வெளியில் மிதக்கும் பாறைகளை உடைக்க வேண்டும். பெரிய பாறைக்கு 20, நடுத்தரத்துக்கு 50, சின்னதுக்கு 100. குறிபார்த்துச் சுடும் சின்னத் தட்டு ஒன்று வரும், அதற்கு 1,000. ஆடுகிறவர்கள் சீக்கிரமே கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு பாறையை மட்டும் உடைக்காமல் விட்டுவிட்டுத் திரையின் ஓரத்தில் பதுங்கி, வரும் தட்டுகளை வேட்டையாடினார்கள். பாறை உடைப்பவன் கூலிக்காரன், தட்டு அடிப்பவன் முதலாளி! அடாரி பொறியாளர்கள் 1981-இல் வந்த அடுத்த பதிப்பில் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். 1982 நவம்பரில் ஸ்காட் சாஃப்ரன் என்ற 15 வயதுப் பையன் சுமார் 60 மணி நேரம் ஆடி 4,13,36,440 எடுத்தான். 2010 வரை அதை யாரும் தாண்டவில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த மெஷினில் ஸ்கோர் 99,990-ஐத் தாண்டினால் திரும்பப் பூஜ்யத்துக்குப் போய்விடும். அப்படியென்றால் நாலு கோடிச் சொச்சம் என்பதை மெஷின் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை தடவை பூஜ்யம் வந்தது என்று எண்ணிய மனுஷன்தான் சொல்ல வேண்டும். நானூற்றுப் பதின்மூன்று தடவை! அயோவா மாநிலத்தின் ஒட்டும்வா ஊரில் ட்வின் கேலக்சீஸ் என்ற கேம் கடையை வைத்திருந்த வால்டர் டே, 1982-இலிருந்து நாடு முழுவதுக்குமான ஸ்கோர்ப் பட்டியலைப் பராமரித்தது இதற்காகத்தான். சாட்சி இல்லாத ஸ்கோர் செல்லாது.

1981-இல் வந்த டிஃபெண்டரையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். யூஜீன் ஜார்விஸ் செய்தது. எதிரி தூக்கிக்கொண்டு போகும் மனிதர்களைக் காற்றில் பிடித்தால் 500, தரையில் இறக்கிவிட்டால் இன்னொரு 500. கடத்துகிற எதிரிக்கு 150 மட்டுமே. அதனால் எதிரியைத் தேடிப் போய்ச் சுடாமல், அவன் ஆளைத் தூக்கும்வரை காத்திருந்தவர்கள் உண்டு. போலீஸ் கதை மாதிரி இருக்கிறதல்லவா?

இனி கேலகா. நாம்கோ, 1981. கேலக்சியனின் தம்பி. எங்கள் கடையின் ராஜா.

இதில் தலைவன் வரிசையில் இருந்தால் 150. தனியாகப் பாய்ந்தால் 400, ஒரு துணையோடு 800, இரண்டு துணையோடு 1,600. இரண்டு குண்டு பட்டால்தான் சாவான். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் என்பதால் தலைவர்களைக் கடைசி வரை விட்டு வைப்பது நல்லது என்று எங்களுக்கே தெரிந்திருந்தது. ஆனால் கேலகாவின் அசல் புத்திசாலித்தனம் வேறு இடத்தில். சில நேரம் தலைவன் பாதி வழியில் நின்று, நீல நிறத்தில் ஒளியை விரிப்பான். அதில் நம் கப்பல் சிக்கினால் சுழன்றுகொண்டே மேலே போய்ச் சிவப்பாகி அவன் கைதியாகிவிடும். நமக்கு ஒரு உயிர் போயிற்று. கடைசி உயிராக இருந்தால் ஆட்டமே போயிற்று. மிச்சம் கப்பல் இருந்தால், அந்தத் தலைவன் கைதியோடு பாய்ந்து வரும்போது, கைதி மேல் படாமல் அவனை மட்டும் சுட வேண்டும். சுட்டால் கைதிக் கப்பல் இறங்கி வந்து நம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு இரட்டைக் கப்பல், இரட்டைக் குண்டு. அகலமும் இரட்டிப்பு, அதனால் எதிரி குண்டு படுவதும் சுலபம். நம் கைத்தவறில் கைதியையே சுட்டுவிட்டால், நம் ஆளை நாமே கொன்ற பாவத்துக்கு மெஷின் பாயின்ட் வேறு கொடுக்கும்!

நாங்கள் யாரும் பிடிபடக் கொடுக்கமாட்டோம். நீல ஒளியைப் பார்த்தால் ஓரத்துக்கு ஓடிவிடுவோம். உயிர் போனால் யார் திருப்பித் தருவது? கோஷ்டியில் நான்தான் அந்த விஷயத்தில் பெரிய ஜாக்கிரதைக்காரன், கரும்பலகையில் முதல் பெயரும் பெரும்பாலும் என்னுடையதே.

அப்போதுதான் அவன் வந்தான். கல்வராயன் மலையில் சேராப்பட்டுப் பக்கம் வீடு. அப்பா சாமை, மரவள்ளி போடுவார், காலத்தில் கடுக்காய் பொறுக்கப் போவார். இவன் கள்ளக்குறிச்சியில் அரசு விடுதியில் தங்கி என் வகுப்பில் படித்தான். நாங்கள் ஊர்ப் பெயரையே சொல்லிக் கூப்பிடுவோம், இந்தக் கட்டுரையிலும் சேராப்பட்டு என்றே இருக்கட்டும். மாசத்துக்கு ஒரு முறை அவன் அப்பா கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்துக் கீழே வருவார், போகும்போது கொஞ்சம் காசு கொடுத்துவிட்டுப் போவார். அதில் வாரத்துக்கு ஐந்து ரூபாய் எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவான். மற்ற நாளெல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி.

முதல் ஞாயிறு கேலகா போட்டான். முதல் ஸ்டேஜிலேயே நீல ஒளி விரிந்தது. கப்பலை நேராக அதற்குள் கொண்டுபோய் நிறுத்தினான்.

"டேய், கப்பலை விட்டுட்டான்டா!" என்று கடையே சிரித்தது.

அவன் திரும்பவில்லை. அடுத்த கப்பலில் தலைவனைச் சுட்டான், கைதி இறங்கி வந்து ஒட்டியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது ஸ்டேஜ், எதிரிகள் சுடாமல் அணிவகுப்புப் போகும் போனஸ் ஸ்டேஜ். 40 பேரையும் அடித்தால் 10,000. ஒற்றைக் கப்பலில் நான் முப்பதைத் தாண்டினால் பெரிசு. அவன் நாற்பதும் அடித்தான்.

அன்று விடுதிக்கு நடந்து போகும்போது கேட்டேன், "பயமா இல்லயா? ஒரு கப்பல் போச்சுன்னா?"

"கப்பல் போனா என்னடா, திரும்பப் போட்டுக்கலாம். அரை மணி போனாத்தான் திரும்ப வராது" என்றான்.

அந்த வயசில் எனக்கு இது புரியவில்லை. பிறகு யோசிக்க யோசிக்கத்தான் தெளிந்தது. ஜப்பானில் அந்த மெஷினில் 100 யென் காசு போட வேண்டும். மூன்று கப்பலும் தீர்ந்தால் இன்னொரு காசு. அங்கே உயிருக்குத்தான் விலை. எங்கள் கடையில் உயிர் சும்மா, நேரத்துக்குத்தான் விலை. ஆட்டம் முடிந்தால் பட்டனை அழுத்தித் திரும்ப ஆரம்பிக்கலாம், அரை மணிக்குள் எடுத்த ஸ்கோர்களில் பெரியது எதுவோ அது பலகைக்குப் போகும். நாங்களோ அமெரிக்காவிலும் ஜப்பானிலும் காசு போடுகிறவன் மாதிரி உயிரைப் பொத்திப் பொத்தி ஆடிக்கொண்டிருந்தோம். தினமும் வந்து போகிற எங்களுக்கு இது உறைக்கவில்லை. வாரத்துக்கு ஒரே அரை மணி வைத்திருந்தவனுக்கு முதல் நாளே உறைத்துவிட்டது. நிமிஷத்துக்கு எத்தனை பாயின்ட் என்று அவன் பார்த்தான், எத்தனை நிமிஷம் தாக்குப் பிடிப்பது என்று நாங்கள் பார்த்தோம்.

ஜப்பானிலும் இப்படி ஒரு கணக்கு பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஹட்சன் கம்பெனி 1985 கோடையில் நாடு முழுக்கச் சுற்றிப் பையன்களுக்கு ஸ்டார் ஃபோர்ஸ் போட்டி நடத்தியது. குறித்த நேரத்துக்குள் யார் அதிகம் என்பதுதான் போட்டி. அந்த கேமில் ஒரு பெரிய எதிரி துண்டு துண்டாகப் பறந்து வந்து ஒன்றுசேரும். சேர்ந்த பிறகு சுட்டால் சாதாரண விலை, சேர்வதற்கு முன்பே அந்தக் கண் இமைக்கும் நேரத்தில் நடுப்பகுதியைத் தகர்த்தால் 50,000. ஹட்சனின் தகஹாஷி என்பவர் ஒரு விநாடிக்கு 16 முறை பட்டன் அழுத்துவார் என்று புகழ் பெற்றது இந்தக் காலத்தில்தான்.

அந்த மாசக் கடைசி ஞாயிறு. பலகையில் முதலிடம் என்னுடையது, 1,91,260. சேராப்பட்டு ஆடுகிறான். நான் பக்கத்து முக்காலியில். இரட்டைக் கப்பல் கிடைத்துவிட்டது. இந்த மாதிரி கேம் ஆடுகிறவன் கண் திரையின் அடிப்பாகத்தில்தான் இருக்கும், மேலே ஓடும் ஸ்கோரைப் பார்க்க நேரமிருக்காது. ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1,80,000 தாண்டியது. என்னுடையதைத் தாண்டியது. இரண்டு லட்சம் தாண்டியது.

கரண்ட் போயிற்று.

எங்கள் கேசட்டில் ஸ்கோரைச் சேமிக்க எதுவும் கிடையாது. டிஃபெண்டர் மாதிரிச் சில பெரிய மெஷின்களில் பேட்டரி வைத்துப் பட்டியலைக் காப்பாற்றினார்கள், பழைய மெஷின்கள் பலவற்றில் சுவிட்சை அணைத்தால் எல்லாம் பூஜ்யம். எங்களுக்கு இருந்த ஒரே ஞாபகசக்தி அந்தக் கரும்பலகைதான். அண்ணன் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர், மெழுகுவர்த்தியோடு உள்ளே வந்தார்.

"எவ்ளோ தம்பி எடுத்த?"

"பார்க்கலண்ணா. இவன் பார்த்தான்" என்று என்னைக் காட்டினான்.

"எவ்ளோப்பா?"

"ஒண்ணு எண்பத்து மூணு... 1,83,740ண்ணா" என்றேன்.

அண்ணன் அப்படியே எழுதினார், என் பெயருக்குக் கீழே. இலவச அரை மணி எனக்கு. சேராப்பட்டு பலகையை ஒரு முறை பார்த்தான், செருப்பை மாட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டான். மறுவாரம் அந்த இலவச நேரத்தில் என்ன ஆடினேன் என்பது சுத்தமாக ஞாபகமில்லை.

ஐந்து வருஷம் கழித்து இருவரும் இதே கல்லூரியில் சேர்ந்தோம். நான் ஈ.சி.ஈ., அவன் ட்ரிபிள்-ஈ. அந்த செட் ஹாஸ்டல்வாசிகளுக்கு மேல்மாடி மூலை அறையின் கம்ப்யூட்டர் நினைவிருக்கும். நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய அசெம்பிள்டு பெட்டி. அதில் மேம் என்ற மென்பொருள் இருந்தது. இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997-இல் ஆரம்பித்தது, பழைய ஆர்கேட் மெஷின்களைக் கம்ப்யூட்டருக்குள் உயிர்ப்பிக்கும். கேசட்டில் பார்த்ததற்குப் பிறகு ஜப்பானில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது அங்கேதான். செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸ் முழுக்க அதற்கே போயிற்று, அரியர் வைத்தவர்கள் என்னை மன்னிக்கவும்.

1994-இல் தோவாபிளான் என்ற கம்பெனி திவாலானது. அதிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய கேவ் கம்பெனி 1995-இல் டோன்பாச்சி, 1997-இல் டோடோன்பாச்சி வெளியிட்டது. திரை முழுக்க எதிரி குண்டு, அடைமழை மாதிரி. இங்கே ஸ்கோர் சங்கிலியில் இருக்கிறது. ஒருவனைச் சுட்டதும் ஒரு சின்ன அளவுகோல் நிரம்பும், அது காலியாவதற்குள் அடுத்தவனைச் சுட வேண்டும். சங்கிலி நீள நீள ஒவ்வொரு எதிரியின் விலையும் ஏறும், அறுந்தால் ஆரம்பத்திலிருந்து. அதனால் எல்லாரையும் உடனே சுடக்கூடாது, அடுத்த கூட்டம் வரும்வரை ஒரு ஆளை மிச்சம் பிடிக்க வேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸின் அதே பாடம்தான், இப்போது அரை விநாடிக் கணக்கில்.

1996-இல் ஷினோபு யாகாவா செய்த பேட்டில் கரெகாதான் எங்களை அசத்தியது. ஆடுகிறவனுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு அளவு ஏறிக்கொண்டே இருக்கும். அதிகம் சுட்டால் ஏறும், பலம் சேர்த்தால் ஏறும், அது ஏற ஏற எதிரி கடுமையாவான். இறங்குவதற்கு ஒரே முக்கிய வழி, சாவது. பத்து லட்சம் பாயின்ட்டுக்கு ஒரு உயிர் கூடுதலாகத் தருவான். ஆக நன்றாக ஆடுகிறவன் பாயின்ட் எடுத்து உயிர் சம்பாதித்து, அந்த உயிரைத் தக்க சமயத்தில் வேண்டுமென்றே செலவழிக்க வேண்டும். வழியில் விழும் மெடல்கள் 100-இலிருந்து 10,000 வரை விலை ஏறும், ஒன்றைத் தவறவிட்டால் மறுபடி 100. இதை நான் விளக்கியபோது சேராப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "சாகறதுக்கும் கணக்கா! இவன் எங்க ஊருக்கு வந்திருந்தா வட்டிக்கு விட்டிருப்பான்டா."

பிறகு வந்தவற்றில் 2000-இன் சைவேரியார், எதிரி குண்டை உரசிக்கொண்டு போனால் பலம் கொடுத்தது. 2001-இல் ட்ரெஷர் கம்பெனியின் இகாருகா, கப்பலைக் கறுப்பாகவும் வெள்ளையாகவும் மாற்றும் வசதி கொடுத்தது. உன் நிறக் குண்டு உன்னை ஒன்றும் செய்யாது, ஆனால் எதிர் நிறத்தில் நின்று சுட்டால்தான் அடி இரட்டிப்பு. ஒரே நிறத்தில் மூன்று மூன்றாகச் சுட்டால் சங்கிலி. பார்க்க அழகு. எனக்கு என்னவோ கேலகாவின் நீல ஒளிதான் இதையெல்லாம்விட உசத்தி என்று தோன்றுகிறது. ஒரே ஒரு விதி, ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதைவிடச் சுத்தமாக யாரும் சொல்லவில்லை. கட்சி வேறு இருப்பவர்கள் அன்று மதியம் வந்து சண்டை போடலாம்.

அதே மூலை அறையில், மூன்றாம் வருஷம், ஒரு ராத்திரி மின்விசிறி நின்றது. இருட்டில் அவன் குரல் மட்டும் வந்தது.

"மாப்ள, அன்னைக்கு அந்தக் கடையில... நிஜமாவே எவ்ளோடா?"

"எதுடா?"

"கேலகா."

"மறந்து போச்சுடா" என்றேன்.

"சரி" என்றான்.

வேறொன்றும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும் என்று அன்றே எனக்குத் தெரிந்தது. பத்து வருஷம் கூடவே இருந்துவிட்டு, ஒரு எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. திருடியது ஐந்து ரூபாய் மதிப்புள்ள அரை மணிதானே என்று பலமுறை சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவனுடைய கணக்குப்படி அது ஒரு வாரம்.

இப்போது அவன் மின்சாரத் துறையில் பொறியாளன். கரண்ட் கட் பற்றி ஜோக் அடித்தால் கோபம் வரும், அதனால் நண்பர்கள் அன்று அதைத் தவிர்க்கவும். குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த மலரை வாசலிலேயே எல்லோருக்கும் கொடுப்பார்களாம். ஆகவே, சேராப்பட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் நீ இந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவாய் என்று நினைக்கிறேன்.

அந்த எண் 2,13,740. நூறு ஆயிரம் கூட நான் மாற்றவில்லை, முன்னால் இருந்த இரண்டு இலக்கத்தை மட்டும் மாற்றினேன். கரண்ட் போகும்போது திரையில் இருந்தது அதுதான், இரண்டு கப்பல் மிச்சம் இருந்தது, எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது.

பழைய டிவி கேம் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. மஞ்சள் கேசட், அதில் கேலகா இருக்கிறது. ஒரு முறை ஊதிப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஓடுகிறது. புது டிவியில் அந்த ஒயர் சேரவில்லை, அதற்கொரு இணைப்பு வாங்கி வைத்திருக்கிறேன். மதியம் ஈ.சி.ஈ. லேபுக்குப் பக்கத்து அறையில் மாட்டித் தருவதாகச் சீனியர் அண்ணன் ஒத்துக்கொண்டார். யூ.பி.எஸ். உண்டு. சாக்பீஸ் நான் கொண்டு வருகிறேன். இந்த முறை எண்ணை உன் மகள் பார்த்துச் சொல்லட்டும். அரை மணி நேரம் உனக்குப் பாக்கி.